ஒற்றக்கா லேப்டாப்பை விடவில்லை

அச்சகத்தில் அவளை எல்லோரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்து, ஒரு ‘க்’ கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. கேலிக்கு வைத்த பெயரை அவள் பட்டமாகவே ஏற்றுக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாள் வெட்டும் இயந்திரம் அவள் வலக்கையிலிருந்து இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. மிச்ச விரல்களுக்கு வாகாக அமைந்தது, அவள் சொந்தக் காசில் வாங்கிய ஒரு பழைய லேப்டாப். செங்கல் கனம். ஆனால் ஆழமான விசைகள், பார்க்காமலேயே தட்டுவாள்.

புதிதாக வந்த மேலாளர் அச்சகம் முழுக்கக் கேபிள்களைப் பிடுங்கிவிட்டு வைஃபை போட்டார். ஒற்றக்காவின் லேப்டாப்பில் அந்த வசதி கிடையாது. புதியது ஒன்று கொடுத்தார்கள். தட்டையான விசைகள். நான்கு நாளாகப் பிழை திருத்தப் போன இடத்திலெல்லாம் அவளே பிழை விட்டாள். ஐந்தாம் நாள் அதை மேலாளர் மேசையில் வைத்தாள்.

“எனக்கு என்னோடதே போதும் சார்.”

“அதுல நெட் வராதே மேடம்? திங்கக்கிழமைல இருந்து ஃபைல் எல்லாம் நெட்வொர்க்லதான். முடியலன்னா பேக்கிங் பக்கம் மாத்திடறேன், அங்க கஷ்டம் இல்ல.”

“இருபத்தோரு வருஷமா எழுத்தைப் பாத்துட்டு, அட்டைப்பெட்டிய ஒட்டச் சொல்றீங்களா? திங்கக்கிழமை இதுல வைஃபை இருக்கும்.”

வாய் சொல்லிவிட்டது. எப்படி என்றுதான் அவளுக்கே தெரியவில்லை.

பழுதுபார்க்கும் கடைக்காரன் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான். “அக்கா, இது என்னை விட மூத்தது போல இருக்கே!” ஆனாலும் உள்ளே பொருத்தும் வைஃபை அட்டை ஒன்றைத் தேடிக் கொடுத்தான். “கழட்டி மாட்டணும். விட்டுட்டுப் போங்க, பத்து நாள் ஆகும்.”

“பத்து நாளா? குடு, நானே மாட்டிக்கறேன்.”

ஞாயிறு மதியம், சமையலறை மேசையில் திருகாணிகளை வரிசையாக அடுக்கினாள். பேருந்து ஓட்டுநரான கணவர் எட்ட நின்று எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, கையைக் காட்டிச் சொல்லிப் பாரேன். பழைய கேபிளையே விட்டுவைப்பாங்க.”

“கையைக் காட்டினா பாவம்பாங்க. எனக்கு வேண்டியது பாவம் இல்ல, வைஃபை. டார்ச்சைப் பிடிங்க.”

அட்டை சிக்கென்று உட்கார்ந்தது. மூடி, பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: இந்த அட்டைக்கு அனுமதி இல்லை. லேப்டாப் கம்பெனிக்காரன் தன்னுடைய அட்டையைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி செய்து வைத்திருந்தான்.

ஒற்றக்காவுக்குக் காது சூடேறியது. “என் காசு, என் மேசை, என் லேப்டாப். எனக்கே அனுமதி இல்லையாம்! யாருங்க இவன்?”

கணவர் டார்ச்சை அணைத்துவிட்டு மெதுவாக நழுவினார்.

அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். அவளே திறந்து மூடியிருக்கிறாள் என்று தெரிந்ததும் கடைக்காரன் இந்த முறை சிரிக்கவில்லை. நகத்தளவு பொருள் ஒன்றை எடுத்து வைத்தான். “இது யுஎஸ்பி-ல வெளியில செருகறது. இதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.” அது ஓடத் தேவையான மென்பொருளையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

“முதல்லயே இதைத் தந்திருக்கலாம்ல?”

“நீங்க முதல்ல இவ்வளவு கோபமா வரலையே அக்கா.”

திங்களன்று மேலாளருக்கு முன்பே போய் உட்கார்ந்தாள். லேப்டாப்பின் பக்கவாட்டில் சின்னப் பச்சை விளக்கு மினுக்கியது. திரையில் அச்சக வைஃபையின் பெயர் வந்து நின்றது. மேலாளர் குனிந்து பார்த்தார்.

“வந்துடுச்சே!”

“வராம? பாஸ்வேர்டைப் போடுங்க சார்.”

அவர் தயங்கினார். ஒற்றக்கா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அறையிலிருந்த மற்றவர்களும் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் தட்டினார்.

“இது நின்னுபோனா நாங்க பொறுப்பில்ல மேடம்.”

“இத்தனை நாள் மட்டும் யாரு சார் பொறுப்பு?”

மற்றவர்களுக்கு உடனே திறக்கும் கோப்பு, அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் திறந்தது. அவள் அவசரப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தில் முதல் பிழையைப் பிடித்தாள்.