கடைசியாகச் சொல்பவர்

ஏலக்காயை உள்ளங்கையில் நசுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "இன்னொரு தடவ சொல்லுங்க லாலா" என்பார் ஜான்பாஸ். பெஷாவரில் வியாழக்கிழமைதோறும் அவருடைய தேநீர்க்கடை மாடியில் கவிதை சொல்லக் கூடுகிறோம். வயதில் சின்னவனானாலும் வந்தவன் அவருக்கு லாலா, அண்ணன்தான். வந்தவனுடைய வரியைத் திரும்பக் கேட்காமல் விட்டால், பசியோடு அனுப்பிவிட்டதைப் போல் வருத்தப்படுவார்.

அந்த மரியாதையைக் கூடுதலாகச் சாப்பிட்டவன் நான். தொப்பி விற்கிறவன். என் கவிதையில் வசந்தம் வந்தால் ஒவ்வொரு பூவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாக வேண்டும். அவர் கேட்கிறாரே என்று கேட்காத வரியையும் திரும்பச் சொல்வேன். செருப்புக்கடை மிஸ்ரிகான், "தோட்டத்தப் பூட்டிட்டு இறங்குப்பா, மத்தவனும் வீட்டுக்குப் போகணும்" என்பான். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு இடம் தருகிறவர் கடைசியில் சொல்வது எங்கள் வழக்கம். ஜான்பாஸின் முறை வரும்போது பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு கேட்கும். எல்லோரும் தொழப் புறப்படுவோம். "கவித எங்க ஓடிடப்போகுது" என்று கோப்பைகளை அடுக்குவார். மகளை ஸ்வாத்துக்குக் கட்டிக்கொடுத்த அன்று கட்டிய கவிதை அது. இப்போது அவளுடைய மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான். இன்னும் ஒருவர் காதிலும் விழவில்லை.

"அவரு கவிதய உன் பூவுங்கதான் தின்னுது" என்று போன வாரம் மிஸ்ரிகான் பச்சையாகச் சொன்னான். எனக்கு முகம் சுண்டியது. இந்த வாரம் அல்லாஹ்வை நினைத்து, ஒரே ஒரு ரோஜாவோடு நிறுத்திக்கொண்டேன். ஜன்னலில் வெயில் பாக்கி இருந்தது.

எல்லோரும் ஜான்பாஸைப் பார்த்தார்கள். கையைத் துடைத்து, தொப்பியைச் சரிசெய்து, திண்டில் சாய்ந்தார். முதல் வரியைச் சொன்னார். சொல்லத்தான் தெரியுமே தவிர, கேட்கத் தெரியாத நான், "இன்னொரு தடவ லாலா" என்றேன். அவர் வாய் திறந்தார்.

படியில் காலடி கேட்டது. உடம்பெல்லாம் தூசியோடு ஒரு லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தான். "மர்தான்லேருந்து வரேன். இங்க கவித சொல்ல விடுவாங்கன்னு கீழ சொன்னாங்க."

மிஸ்ரிகான் ஜன்னல் வெயிலைப் பார்த்தான்.

"வாங்க லாலா, வாங்க. உங்களுக்குத்தான் காத்திருக்கோம்" என்றார் ஜான்பாஸ். தன் முதுகுக்குப் பின்னாலிருந்த திண்டை உருவி, தட்டித் தூசி போக்கி, அவனுக்குச் சாய வைத்தார்.