ஊர்ப் பங்கும் சோற்றுப் பொதியும்

எமது கழகம் முதற் பிரிவிலிருந்து இறங்கிய பருவத்தின் முடிவில் உதைபந்தாட்டப் பணிப்பாளர் நவாஸ் பதவி விலகினார். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. கட்டுகஸ்தோட்டைத் தேநீர்க் கடைகளிலும் ஆதரவாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு சாரார் அவரைக் கழகத்தைக் கெடுத்தவர் என்கின்றனர். மறு சாரார் கழகத்துக்குக் கண் திறந்துவிட்டவர் என்கின்றனர். அவர் பதவியில் இருந்த காலம் முழுவதும் அதே அறையில், அவருக்கு எதிர்மேசையில் இருந்து பணியாற்றியவன் யான். இப்போது இரு சாராரும் என்னைச் சாட்சியாக்குகின்றனர். யான் கூறாதவற்றையும் கூறியதாகப் பரப்புகின்றனர். ஆதலின் கண்டதையும் கேட்டதையும் எழுத்தில் வைத்தல் என் கடனாயிற்று. கழக நிருவாகத்துக்குப் புதிதாக வரும் இளையோருக்கு இது பயன்படலாம்.

1. ஊர்ப் பங்கு

யான் வடமராட்சியிற் பிறந்து, தொழிலின் பொருட்டுக் கண்டிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். கழகத்தின் செயலக அலுவலராகவும் மைதான அறிவிப்பாளராகவும் என்னை அமர்த்தியமைக்குக் காரணம் என் தகுதியன்று. அக்குறணை, மடவளை, கெலிஓயா ஆகிய மூன்று ஊர்களின் ஆதரவில் இயங்கிய கழகம் அது. எந்த ஊரையும் சேராத ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்தாற் பிணக்கு வராது எனக் கருதினர். யான் ஒலிபெருக்கியில் “மூலையுதை” என்றால், “கோர்னர் எண்டு சொல்லுங்க சேர், மூலையில ஆரும் விழுந்திட்டானோ எண்டு பயமாக்கிடக்கு” என்று அரங்கிலிருந்து குரல் வரும். அதற்காக யான் சொல்லை மாற்றியதில்லை. அவர்களும் கேலியை நிறுத்தியதில்லை.

அணித்தெரிவு ‘ஊர்ப் பங்கு’ என்னும் வழக்கப்படி நடந்தது. ஒவ்வோர் ஊருக்கும் அணியில் இத்தனை இடம் என்பது எழுதப்படாத சட்டம். இலக்குக் காப்பாளர், அதாவது கீப்பர், எப்போதும் அக்குறணையார். பின்காப்பு, அதாவது பெக், மடவளைக்கு. முன்னணியிற் பெரும்பகுதி கெலிஓயாவுக்கு.

சொந்த மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் கழக மண்டபத்தில் விருந்து நடக்கும். ஒவ்வோர் ஊரும் தன் வீரர்களுக்குச் சஹன் அனுப்பும். சஹன் என்பது அறுவர் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் பெருந்தட்டு. ஊர்ப் பெண்கள் சமைத்து மூடிக் கட்டி அனுப்ப, ஊர்ப் பெரியவர் ஒருவர் அதனை மண்டபத்திற் கொண்டுவந்து வைத்து, வீரர்களைக் கூப்பிட்டு அமர்த்துவார். அக்குறணைச் சஹனுக்குப் பொறுப்பாயிருந்தவர் புடைவை வணிகர் காதர் ஹாஜியார். தோற்ற நாளிலும் அவர் சஹன் குறைந்ததில்லை. “தோத்தவனுக்குத்தான் கூடப் பசிக்கும்” என்பார்.

2. திறந்த தெரிவு

நவாஸ் கட்டடப் பொருள் வணிகர். இளமையிற் கழகத்துக்கு ஆடியவர். பணிப்பாளராக வந்த முதல் வாரத்திலேயே என் மேசைக்கு முன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

“சேர், மடவளைக்கு ரெண்டு பெக் குடுக்கோணும் எண்டு ரெண்டு பேரப் போடுறோம். அதுல ஒருத்தனுக்கு இடது கால் எண்டு ஒண்டு ஈக்கிறதே தெரியா. இதுக்குப் பேர் டீமா?”

“வழக்கம் அப்பிடி” என்றேன்.

“வழக்கத்தால மெச் வெல்ல ஏலா, சேர். ஓப்பன் ட்ரயல் வைப்போம். ஆரும் வரலாம்.”

வைத்தார். கம்பளையிலிருந்து சிங்கள இளைஞர் இருவர் வந்தனர். கலஹாவுக்கு மேலுள்ள தோட்டமொன்றிலிருந்து சிவகுமார் வந்தார். தரை ஓடு பதிக்கும் தொழில் செய்தவர். வயது இருபத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. பந்தைப் பிடிப்பதில் அவரினும் வல்லார் இருந்திருக்கலாம். ஆயின் அவர் பின்காப்பாளர் இருவரையும் ஒருகணமும் ஓயவிடாமல், ஒருவரைத் தமிழிலும் மற்றவரைச் சிங்களத்திலும் ஏவிக்கொண்டேயிருந்தார். பயிற்றுவிப்பாளர் என் பக்கம் திரும்பி, “இவன்ட வாய்க்கே ஒரு ஜேர்சி குடுக்கலாம், சேர்” என்றார்.

இவ்வாறு அக்குறணையின் கீப்பர் இடம் முதன்முறையாக வேறொருவருக்குப் போயிற்று. ஹாஜியார் அப்போது ஒன்றும் கூறவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் முதல் நாளிலிருந்தே எதிர்த்தார் என்று இப்போது கூறுவோர் பிழையாகக் கூறுகின்றனர்.

3. பொதி

புதிய அணியின் முதலாவது உள்ளூர் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மண்டபத்தில் மூன்று ஊர்ச் சஹன்களும் வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் மாட்டிறைச்சி. சிவகுமாரும் கம்பளை வீரர் இருவரும் வாயிலண்டை நின்றனர். அவர்களுக்கென ஊருமில்லை, சஹனுமில்லை.

“சாப்பிட வாருங்கோ” என்றேன்.

“பரவாயில்லைங்கய்யா. நாங்க டீ குடிச்சிட்டுக் கெளம்புறோம். கடைசி பஸ்ஸு போயிரும்” என்றார் சிவகுமார்.

ஹாஜியார் அக்கணம் உள்ளே சஹனைத் திறந்துகொண்டிருந்தார். வாயிற் பக்கம் அவர் பார்க்கவில்லை. நவாஸ் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. மறுநாள் அலுவலகத்துக்கு வந்ததும், “இனிச் சஹன் வாணாம். எல்லாருக்கும் கடையில பார்சல். கோழி, இல்லாட்டி மீன். ஒரே சோறு, ஒரே அளவு” என்றார்.

யான் ஐயுற்றேன். “ஊராட்களோடை ஒருக்காக் கதைச்சிட்டுச் செய்வமோ?” என்று கேட்டேன்.

“கதைச்சா இழுபடும் சேர். நியாயமான வேலைக்கு எதுக்குக் கூட்டம்?”

அடுத்த ஆட்டத்தன்று ஹாஜியார் வழக்கம்போலச் சஹனோடு வந்தார். வண்டியிலிருந்து இறக்கும்போதே கடைச் சோற்றுப் பொதிகளைக் கண்டார். இருவரும் மண்டபப் படியில் நின்று பேசியதை அருகிலிருந்து கேட்டேன்.

“நவாஸ், இது என்ன?”

“எல்லாருக்கும் ஒரே சோறு, ஹாஜியார். அதுல என்ன பிழை?”

“எங்கட ஊட்டுப் பொம்பளைகள் விடிய சுபஹ் தொழுகைலேந்து ஆக்கின சோறு இது.”

“தெரியும். ஆனா அந்தப் புள்ளைகளும் எங்கட டீம்தானே? அவங்க வாசல்ல நிக்கக்கொள்ள நாங்க உள்ளுக்கு இரிந்து திங்கிறதா?”

ஹாஜியார் சஹனை மறுபடியும் வண்டியில் ஏற்றச் சொன்னார். அதன்பின் அவர் மைதானத்துக்கு வரவில்லை. மடவளையாரும் கெலிஓயாவாரும் ஒருவர்பின் ஒருவராக நின்றுவிட்டனர். பெரியவர்கள் நின்றதும் வீட்டிலுள்ள இளைஞர்கள் பயிற்சிக்கு வருவது குறைந்தது. நல்ல முன்னணி வீரர்கள் இருவர் வேறு கழகம் சேர்ந்தனர். வீரர்கள் பொதியை வாங்கித் தனித்தனி மூலையில் அமர்ந்து உண்டு, கைகழுவிப் போய்விடுவர். தோல்வியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசவும் அங்கே இடமிருக்கவில்லை.

சிவகுமார் அந்தப் பருவத்தில் நன்றாகவே காத்தார். எனினும் முன்னே அணி இல்லாதபோது பின்னே நிற்பவர் என் செய்வார்? நாம் இறங்கினோம். நவாஸ் விலகினார்.

4. தேநீர்க் கடை வழக்கு

விலகியவர் ஊரைவிட்டுப் போகவில்லை. தம் கடைக்குத் திரும்பினார், அவ்வளவே. ஆயினும் ஆதரவாளர் அவரை இறந்தவரைப் போல வைத்து வாதிட்டனர். அவ்வாதத்தில் ஒன்றை இங்கே தருகிறேன். ஒரு பக்கம் ஹாஜியார். மறுபக்கம் கெலிஓயாவைச் சேர்ந்த முச்சக்கர வண்டிச் சாரதி தௌபீக். நவாஸை விடாது ஆதரித்தவர் அவர்.

“மூண்டு ஊரும் சேந்து வளத்த கிளப்ப ஒரு சீசன்ல முடிச்சிட்டுப் பெய்த்தான்” என்றார் ஹாஜியார்.

“ஊர்ப் பங்கு ஈக்கக்கொள்ள நாங்க என்ன கப்பா தூக்கினோம், ஹாஜியார்? கீழ விழாம ஈந்தோம். அவ்வளவுதான்.”

“விழாம ஈந்தோமா இல்லியா?”

“மரத்துல ஏறாதவன் விழவும் மாட்டான்தானே.”

கடையில் இருந்தோர் சிரித்தனர். ஹாஜியார் சிரிக்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு, “பொதுக்கூட்டத்துக்கு நான் பிரேரணை குடுத்தீக்கிறேன். ஊர்ப் பங்கு திரும்பி வரோணும். கீப்பர் எங்கட ஊர்” என்றார். என் பக்கம் திரும்பி, “எழுதிக்கொள்ளுங்க சேர்” என்றும் சொன்னார்.

அச்சொல்லோடு வழக்கின் தன்மை மாறிற்று. அதுவரை போன மனிதரைப் பற்றிப் பேசினர். இனி இருக்கும் மனிதர் ஒருவரின் இடம் அதிலே தொங்கியது. சிவகுமார் இரண்டு நாளில் அலுவலகத்துக்கு வந்தார். அமரச் சொல்லியும் அமரவில்லை.

“ஐயா, என்னைய நிப்பாட்டப் போறாங்களாங்க?”

“கூட்டம் தீர்மானிக்கும், தம்பி.”

“வேற கிளப்புல எல்லாம் கீப்பர் எடுத்து முடிஞ்சிருச்சுங்க. இந்த வருசம் வெளிய நின்னா வீட்டுல பந்த மறந்துட்டு வேலையப் பாருன்னுருவாங்க. அதுவும் ஞாயந்தானுங்களே. கூட்டத்துக்கு நா வரலாங்களா?”

அவர் பதிவுபெற்ற அங்கத்தவர். வரலாம் என்றேன்.

5. பொதுக்கூட்டம்

மண்டபம் நிறைந்திருந்தது. சிவகுமார் கடைசி வரிசையில், தொழிலிலிருந்து நேரே வந்தவராய், முழங்கையிற் சீமெந்துக் கறையோடு இருந்தார். நவாஸ் வரவில்லை.

ஹாஜியார் எழுந்து பிரேரணையை முன்மொழிந்தார். மடவளையார் ஒருவர் வழிமொழிந்தார். நவாஸ் ஊரைப் பிரித்தார், சோற்றை அவமதித்தார் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குற்றங்கள் அடுக்கப்பட்டன. பேசியவர் எவரும் சிவகுமாரின் பெயரை எடுக்கவில்லை. அவர் இருப்பதை அறிந்தே அவ்வாறு செய்தனர் என நினைக்கிறேன்.

தௌபீக் எழுந்தார். வழமையான கேலி அவர் குரலில் இல்லை.

“ஹாஜியார், ஒண்டு கேக்கிறன். கோவிக்க வாணாம். நீங்க மைதானத்துக்கு வராம நிண்டது பார்சலாலயா, இல்லாட்டி அந்தக் கீப்பராலயா?”

கூட்டத் தலைவர் அடுத்தவரை அழைக்கப் போனார். ஹாஜியார் கையால் மறித்தார்.

“அந்தப் புள்ளயோட எனக்கென்ன கோவம்? அவன் வாசல்ல நிண்டத நான் காணல்ல. கண்டீந்தா வா எண்டு கூப்பிட்டீப்பன். மாடு திங்காட்டி அடுத்த மெச்சுக்குக் கோழி ஆக்கீப்பம். எங்கட ஊட்ல கோழி ஆக்கத் தெரியாதா? நவாஸ் என்னட்ட ஒரு வார்த்த சொன்னானா? கூப்பிடுறதுக்கு எனக்கு ஒரு நாள் தந்தானா?”

“அப்ப பிழை சோத்துலதானே, ஹாஜியார்? அதுக்கு என்னத்துக்கு இவன்ட எடத்தப் பறிக்கிறது?”

ஹாஜியார் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். சிவகுமார் எழுந்து நின்றார். மதிப்பினால் எழுந்தாரா, வெளியேற எழுந்தாரா என எனக்குத் தெரியவில்லை.

“இரி மகன்” என்றார் ஹாஜியார். பின் தலைவரை நோக்கி, “என்ட பிரேரணைய நான் வாபஸ் வாங்குறன். சஹன் திரும்ப வரோணும். ஆனா ஊர் ஊரா ஒதுங்கி இரிந்து திங்க வாணாம். கலந்து இரிக்கட்டும்” என்றார்.

வழிமொழிந்த மடவளையார் ஏற்கவில்லை. பிரேரணையைத் தாமே முன்மொழிவதாகக் கூறினார். வாக்கெடுப்பு நடந்தது. ஊர்ப் பங்கு மிகச் சில கைகளாலேயே தோற்றது. கைகளைப் பார்க்காமல் சிவகுமார் தலைகுனிந்திருந்தார். முடிவை யான் அறிவித்த பிறகே நிமிர்ந்தார்.

அந்த மகிழ்ச்சியில் தௌபீக், நவாஸை மீண்டும் பணிப்பாளராக அழைக்க வேண்டும் என்றார். ஹாஜியார் மறுத்தார்.

“நன்றி எழுதி அனுப்புங்க, நானும் கையொப்பம் வைக்கிறன். திருப்பிக் கூப்பிட ஏலா. ஒருத்தரையும் கேக்காம நல்லது செய்றவன், கேக்காம கெட்டதும் செஞ்சிடுவான்.”

அதனையும், கலந்து உண்ணும் சஹனையும் கூட்டம் ஏற்றது.

6. கடையில்

மறுநாள் நவாஸின் கடைக்குச் சென்றேன். கணக்காளரை அனுப்பிவிட்டு என்னை அமர்த்தினார். முதற் கேள்வி: “சிவகுமார் நிக்கிறானா?”

“ஓம். நிக்கிறார்.”

கண்களை மூடிக்கொண்டார். ஹாஜியார் கூறியதை அப்படியே சொன்னேன், இறுதி வாசகம் உட்பட.

“கோழி ஆக்கீப்பாராமா?”

“ஓம்.”

“நான் அவர எதிரி எண்டு முடிவு கட்டிட்டுத்தான் தொடங்கினன், சேர். ட்ரயல் வச்ச நாள்லேந்து. அவர் ஒண்டும் பேசாம ஈந்தத நான் நம்பல்ல.” பின், “அவர் சொன்னது சரிதான். நான் வந்தா திரும்பவும் அப்பிடித்தான் செய்வன். எனக்குக் காத்துக்கொண்டு நிக்க ஏலா” என்றார்.

என் பட்டறிவில் யான் கொண்ட முடிபு இது. திறந்த தெரிவு நவாஸ் கழகத்துக்கு ஈந்த கொடை. அது இன்றும் நிற்கிறது. பொதி அவர் செய்த பிழை. அதனால் நாம் ஒரு பிரிவு இறங்கினோம். இரண்டையும் ஒரே மனிதர், ஒரே நன்னோக்கத்தோடு, ஒரே பருவத்திற் செய்தார். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்போர் எச்சாராராயினும் அவரை அறியாதவர். நிருவாகப் பொறுப்பேற்கும் இளையோருக்குக் கூறுவது: ஒருவர் தரும் பொருளை நிறுத்துமுன், அதனைத் தருவதால் அவர் எதைப் பெறுகிறார் என்று கேட்டறியுங்கள். ஹாஜியார் பெற்றது, கூப்பிடும் உரிமை.

கழகம் இன்னும் இரண்டாம் பிரிவிலேயே உள்ளது. வழக்கும் நடந்துகொண்டேயிருக்கிறது.

இக்குறிப்பு என் நினைவை மட்டுமே துணையாகக் கொண்டது. மண்டபப் படியிற் பேசப்பட்ட சொற்களில் ஒன்றிரண்டு முன்பின்னாக இருத்தல் கூடும். ஹாஜியாரும் நவாஸும் நலமாயுள்ளனர், அவர்கள் திருத்துவதைத் தலைவணங்கி ஏற்பேன். கூட்டத்தில் இருந்த ஏனையோரும் பிழை கண்டால் அறியத் தருக. சிவகுமாருக்கு எதிராகக் கை உயர்த்தியவர்களின் பெயர்களை மட்டும் எவரும் எழுதி அனுப்ப வேண்டா. அவை எனக்கும் தெரியும். அவர்களுட் பலர் இப்போது கோலுக்குப் பின்னால் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூவுகின்றனர்.