விறகுக்கடைத் தராசும் பெங்களூர்ப் பந்தயமும்

அறுபத்தெட்டாம் வருஷத்து மாம்பழ சீசன். வெள்ளிக்கிழமை காலை நாலரை மணிக்குக் காவேரிப்பட்டினத்திலிருந்து எங்கள் லாரி கிளம்பியது. முன்பாதியில் குதிரை, பின்பாதியில் மல்கோவாக் கூடைகள், நடுவே நாங்கள் மூன்று பேர். நான் ஊர் தபாலாபீஸ் குமாஸ்தா. பந்தயம் பார்க்கும் ஆசையில் லீவு போட்டு ஒட்டிக்கொண்டவன். அந்தோணிசாமி குதிரை பழக்குபவர். பெங்களூரில் பெரிய லாயங்களில் நாற்பது ஐம்பது குதிரை நிற்கும். இவரிடம் ரோசா என்ற இந்த ஒரே பெட்டைக் குதிரைதான். ஓட்டிப் பழக்குவது தென்பெண்ணை மணலில். மூன்றாவது ஆள் ஜாக்கி முனிரத்தினம்.

ரோசாவின் சொந்தக்காரர் ஒரு மாந்தோப்பு முதலாளி. நாளைப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் ஜட்கா வண்டிக்கு விற்றுவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போது அந்தோணிசாமி குதிரையின் காதைப் பொத்திக்கொண்டார்.

ஜாக்கி சேணத்தோடு சேர்ந்து ஐம்பத்தொரு கிலோ இருக்க வேண்டும். ஊரில் ஆளை நிறுக்க விறகுக்கடைத் தராசை விட்டால் வேறு கிடையாது. அது இரண்டு கிலோ அதிகம் என்றது. அதைக் குறைக்க முனிரத்தினத்துக்கு மூன்று நாளாக வெறும் நீர்மோர். வியர்க்கட்டும் என்று கம்பளி வேறு. பாவம், மல்கோவா வாசனை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஏழு மணிக்குச் சூளகிரி. இட்லி பத்துக் காசு. லாரி டிரைவர் அவனைச் சாப்பிடச் சொல்லித் தமிழில் கெஞ்சினார், தெலுங்கில் கெஞ்சினார், கடைசியில் கன்னடத்தில் அதட்டினார். மூன்றுக்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான். அவன் பங்கையும் நானே தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சட்னி நன்றாக இருந்தது.

ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி எல்லைச் சாவடியில் குதிரை எதற்கு என்று கேட்டார்கள். பந்தயத்துக்கு என்றோம். ரோசாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாம்பழத்துக்கு மட்டும் சீட்டு கேட்டார்கள். பதினோரு மணிக்குப் பெங்களூர். சுமார் அறுபத்தைந்து மைல்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணி. பந்தய மைதானத்துத் தராசில் முனிரத்தினம் சேணத்தோடு ஏறினான். நாற்பத்தொன்பது! இரண்டு கிலோ குறைவு. விறகு விற்கிற தராசு கூட்டிக் காட்டாமல் வேறென்ன செய்யும்? இத்தனை வருஷம் அங்கே விறகு வாங்கியதை நினைத்து எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்று நாள் பட்டினியை நினைத்து அவனுக்கு அழுகை வந்தது.

பெரிய லாயத்துக்காரர் ஒருவர், தொப்பியும் டையுமாக நின்றவர், குறைந்த எடையை ஈடுகட்டச் சேணத்தில் செருக ஈயக்கட்டி தருவதாகச் சொன்னார். நல்ல மனுஷர்தான். அந்தோணிசாமி கும்பிடு போட்டு மறுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஈயம் செத்த பாரம் சார், முதுவுல அப்பிடியே குந்திக்கும். உசிரு பாரம்தான் குதிரையோட சேந்து ஆடும். முனிக்கு இட்லி வாங்கியாங்க."

ஓடினேன். இருபது இட்லி, ஒரு சொம்புத் தயிர். ஆசையாக ஆரம்பித்தவன் பன்னிரண்டாவது இட்லியில் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டான். அந்தோணிசாமி விடவில்லை. அதற்கு மேல் தண்ணீரும் குடிக்க வைத்தபின் முள் ஐம்பத்தொன்றைத் தொட்டது.

மூன்று மணிக்கு ஓட்டம். எட்டுக் குதிரைகள். வளைவுவரை ரோசா கடைசி. அப்புறம், மணலில் கால் புதைய ஓடிப் பழகியவளுக்குப் புல்தரை விளையாட்டாகிவிட்டதோ என்னவோ, ஒவ்வொன்றாகத் தாண்டி மூன்றாவதாக வந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒருவரை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஓடி முடிந்ததும் ஜாக்கியை மறுபடி நிறுப்பார்களாம். எடை குறைந்தால் கிடைத்த இடமும் போய்விடும். முனிரத்தினம் இறங்கும்போதே முகம் வெளிறி, வாயை இறுக மூடியிருந்தான். இருபது இட்லியும் ஒரு மைல் குதித்திருக்கிறதே. கை கொடுத்தவர்களை விலக்கிக்கொண்டு தராசை நோக்கி நடந்தான். அந்தோணிசாமி பக்கத்திலேயே நடந்தார். "முழுங்கிக்கோ முனி, பத்தடிதான், மாதா பாத்துக்குவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தராசில் ஏறினான். முள் ஆடி ஆடி நின்றது. அதிகாரி சரியென்று தலையசைத்தார். கீழே இறங்கி இரண்டடி வைத்தவன், வேலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இருபது இட்லியும் போச்சே என்றேன். ரோசாவின் கழுத்தில் முகம் புதைத்து விம்மிக்கொண்டிருந்த அந்தோணிசாமி மெல்ல நிமிர்ந்தார்.

"அது போவட்டும் சார். இவ போவல."