தையிபின் பேட்டரி

ஜெராதா ஊர்ச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர்களுக்கு நுரையீரலில் கல்தூள் படிந்து இறுகும். இறுகியது இளகாது, வருஷத்துக்கு வருஷம் கூடத்தான் செய்யும். லக்தருக்கும் அதே கதி. தோளில் பையாகத் தொங்கும் ஆக்சிஜன் மெஷினும் மூக்கில் குழாயும் இல்லாமல் தெருமுனைவரைகூட அவரால் போக முடியாது. சாவுக்குப் பயமில்லை, பேட்டரிக்குத்தான் பயம் என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று அவரிடம் யார் சொல்வது?

சுரங்கக் கூட்டாளி தையிப் பக்கத்து ஊரான ஐன் பெனி மத்தாரில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. "சார்ஜ் போட மறந்திருப்பான். எப்பவுமே அலட்சியம்" என்றார் லக்தர். அப்படிச் சொன்னதில் அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. மறக்காதவன் பிழைத்துக்கொள்வான் அல்லவா?

மூன்றாம் நாள் துக்கச் சாப்பாட்டுக்குக் கிளம்பியவரை மனைவி யமினா மறித்தாள்.

"நீங்க போனா அவரு எந்திரிச்சு வந்துருவாரா? இங்கேருந்தே ஓதுங்க."

"ஒண்ணா குழிக்குள்ள இறங்கினவன்டி. போகலேன்னா நான் மனுசனா?"

"சார்ஜரையாவது மறக்காம எடுத்துட்டுப் போங்க."

"நான் என்ன தையிபா?"

ஆறு பேர் சேராமல் டாக்சி நகராது. ஐந்து பேர் ஏறி, ஆறாவது ஆளுக்காக வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். மெஷினில் இருந்த நாலு பச்சை விளக்கில் ஒன்று அணைந்தது, பிறகு இன்னொன்று.

"கிளம்பலாமா தம்பி?"

"ஒரு ஆளு வரட்டும் ஹாஜி. இல்லேன்னா உங்க மெஷினுக்கும் ஒரு சீட்டு போட்டுருவோம்" என்றான் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். லக்தரும் சிரித்துவைத்தார். அந்தச் சீட்டுக்கும் தானே பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூச்சுக்குப் பயந்தவன் என்று தெரிந்துபோகுமே! சுரங்கத்தில் மூச்சு முட்டுகிறது என்று சொன்னவனை மறுநாள் கீழே இறக்கமாட்டார்கள், கூலி போய்விடும். அதனால் அந்த ஊர் ஆண்கள் ஒருவரும் அதைச் சொல்லிப் பழகவில்லை. பாழாய்ப்போன பழக்கம்.

தையிப் வீட்டுக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக். லக்தர் முதல் வேலையாக அதில் சார்ஜரைச் செருகினார். ஓதுகிறவர்கள் வந்து உட்கார்ந்ததும், யாரோ அதைப் பிடுங்கிவிட்டு ஒலிபெருக்கியைச் செருகினார்கள். லக்தர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் கீச் கீச்சென்று கத்தியது. சுற்றி இருந்த பழைய சுரங்கக்காரர்கள் அத்தனை பேரும் சட்டென்று குனிந்து தங்கள் தங்கள் பையைப் பார்த்தார்கள். தங்களுடையது இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்துகொண்டார்கள். லக்தர் அங்கியை இழுத்துப் பையை மூடினார். சத்தம் நின்றது, மெஷினும் நின்றது. நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைந்தார்கள். யா அல்லாஹ், இங்கேயா, இவன் வீட்டிலேயா?

பெண்கள் இருந்த அறைத் திரையை விலக்கிக்கொண்டு தையிபின் மனைவி ஹலீமா வெள்ளைத் துணியில் ஓடி வந்தாள். அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவள் அவள். கையோடு கொண்டுவந்த தையிபின் பேட்டரியை அவளே லக்தரின் மெஷினில் மாட்டினாள். மெஷின் ஓடத் தொடங்கியது. லக்தரின் முகத்தில் ரத்தம் ஏறியது.

"வாயைத் திறந்து சொன்னா என்ன அண்ணே? நீங்களும் அவரை மாதிரியேதான்."

மூச்சு திரும்பியதும் லக்தர் சொன்னார்: "நல்லவேளை... நீ சார்ஜ் போட்டு வச்சிருந்தே, தங்கச்சி."

"நான் எங்க போட்டேன்? அன்னைக்குக் காலைல அவரே மாட்டினதுதான் இது. மெஷின் பாட்டுக்கு நல்லா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு அண்ணே. அவருக்குத்தான் மூச்சு நின்னுபோச்சு. அப்புறம் நாந்தான் மெஷினை அணைச்சேன்."

லக்தர் அங்கியை விலக்கிப் பார்த்தார். நாலு விளக்கும் பச்சையாக எரிந்தன. தையிப் சார்ஜ் போட மறக்கவே இல்லை.