உப்புப் பார்க்கும் சாச்சா

புத்தளத்தில் எங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பவர் என் சாச்சா. வாப்பாவின் தம்பி. அவருக்கு அல்லாஹ்வின் மேல் நம்பிக்கை கிடையாது. ஆகவே நோன்பும் கிடையாது. கஞ்சி காய்ச்சுபவரை ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். நோன்போடு இருக்கும் அவருக்கோ கஞ்சியை நாக்கு நுனியில் வைத்துத் துப்பக்கூடப் பயம். அது கூடும், நோன்பு முறியாது என்று மௌலவி சொல்லியும் கேட்கமாட்டார். அதனால் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் சாச்சாவைத் தேடி ஆள் வரும். அவர் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் அரைப் பிடி போடுங்க காக்கா" என்பார். ஊரே அந்த நாக்கை நம்பித்தான் நோன்பு திறந்தது.

யார் வீட்டுத் தண்ணீர்ப் பம்பு நின்றாலும், யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தாலும் அவர்தான் முதலில் ஓடுவார். "இவ்வளவு நல்ல மனிசன், தொழுதா என்ன குறஞ்சா போயிரும்?" என்று உம்மா அலுத்துக்கொள்வார்.

எனக்கு ஒன்பது வயது. குர்ஆன் ஓதப் போன இடத்தில் என் சிநேகிதி, "உங்கட சாச்சாக்குச் சொர்க்கம் இல்ல" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். சாச்சா இல்லாத சொர்க்கத்தில் என்னை யார் பைசிக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது? நேரே போய் அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"ஒரே ஒரு நோன்பு புடிங்க சாச்சா!"

"நம்பிக்கை இல்லாமப் புடிச்சா அது நோன்பாகுமா புள்ள?"

"ஆகும்" என்று மௌலவி மாதிரி நானே பத்வா கொடுத்தேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, சனிக்கிழமை புடிக்கிறேன். அழாத."

சனிக்கிழமை அவருக்கு உப்பளத்தில் வேலை. அந்த வெயிலில், ஆள் இல்லாத இடத்தில், அல்லாஹ் பார்க்கிறான் என்ற பயமும் இல்லாத மனிதர் தண்ணீரைக் கண்டால் சும்மா விடுவாரா? அல்லாஹ்வோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. நானும் நோன்போடு நடந்து போய், உப்பளத்து ஓலைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உச்சி வெயிலில் சாச்சா தனியாக வந்தார். உதடு வெடித்திருந்தது. தண்ணீர்க் கேனைத் திறந்து துவாயை நனைத்துத் தலையில் போட்டார். கேனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூடிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. சந்தோசத்தோடு தாகமும் வந்தது. கேன் பக்கத்திலேயே இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இரண்டு கப் குடித்தேன். மேலே மட்டும் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் கஞ்சி காக்கா ஆள் அனுப்பியும் சாச்சா போகவில்லை. காக்கா கண்மதிப்பாக உப்புப் போட்டார். போட்டதை மறந்து இன்னொரு தரமும் போட்டார். நோன்பு திறந்த ஊர் முழுவதும் தண்ணீருக்கு ஓடியது. பள்ளிவாசல் தலைவர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"நீங்க என்னத்துக்கு இண்டைக்கு நோன்பு புடிச்சீங்க? வேற நாளே கிடைக்கல்லயா?" என்று சாச்சாவைப் பிடித்து ஏசினார். நோன்பு பிடித்ததற்காக ஏச்சு வாங்கிய ஒரே மனிதர் என் சாச்சாவாகத்தான் இருப்பார். உம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டார்.

தலைவர் போனதும் சாச்சாவிடம் கேட்டேன்: "கொட்டில்ல யாரும் இல்லத்தானே சாச்சா. ஏன் குடிக்கல்ல?"

நான் எப்படிக் கண்டேன் என்று அவர் கேட்கவில்லை. "உன்னட்ட சொன்னேன்தானே" என்றார். ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மறுநாள் ஓதப் போனதும் சிநேகிதியைப் பிடித்தேன். யாரும் இல்லாத இடத்தில் சாச்சா தண்ணீர் குடிக்கவில்லை, அப்படியென்றால் அவருக்கு உள்ளுக்குள்ளே அல்லாஹ் மேல் நம்பிக்கை இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் யாருக்குப் பயந்து குடிக்காமல் இருந்தார் என்று வாதாடினேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஓம், அது சரிதான்" என்று சாச்சாவைச் சொர்க்கத்தில் சேர்த்துக்கொண்டாள். நான் துள்ளிக் குதித்தேன். அந்த வாதத்தின்படி, அதே இடத்தில் இரண்டு கப் குடித்த எனக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.