சாயாத தடை

டெல்லியில் நடந்த சர்வதேசத் தடகளப் போட்டியில், ஐந்தாம் பாதையின் தடைகளை வைப்பது என் வேலை. பெண்கள் தடை ஓட்டம் முடிந்ததும் ஆண்களுக்காக அவற்றை உயர்த்தினோம். உயர்த்தினால் அடியிலுள்ள எடையையும் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கால் பட்டதும் தடை சாய்ந்துவிடும். ஓடுபவருக்கு அது லாபம்.

ஐந்தாம் பாதையில் ஓடவிருந்த வெளிநாட்டு வீரரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. குனிந்து குனிந்து எதையோ நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். பயிற்சியாகத் தாண்டிப் பார்த்தவர், இரண்டாவது தடையருகே மண்டியிட்டு எதையோ தள்ளினார். தலைமை நடுவரிடம் ஓடினேன். அவரும் தமிழர்தான்.

"சார், அந்தாளு ஏதோ தில்லுமுல்லு பண்றாரு."

நடுவர் வந்து சோதித்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்குத் தொட்டான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு தடையின் எடையை நகர்த்த நான் மறந்திருந்தேன். அவர் சரிசெய்திருக்கிறார்.

"ஜல்தி சொல்லுங்க, டைம் ஆச்சு," என்று நடுவர் அவசரப்படுத்தினார்.

"தெரியல சார்."

வீரருக்கு மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தார்கள். அவர் வாதாடவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஓட்டத்தில் அவர் கால் இடித்தது அதே இரண்டாவது தடையில்தான். தடுமாறிக் கடைசியாக வந்தார். நான் வைத்தபடியே விட்டிருந்தால் அது சாய்ந்திருக்கும்.

இப்போதும் யார்மீதாவது சந்தேகம் வந்தால், அந்தத் தடை அசையாமல் நிற்பதுதான் என் கண்ணில் தெரிகிறது.