இரண்டாம் சரணமும் ஆன்டி ஷாக் பொத்தானும்

பதினோரு வருடம் சர்ச் பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்ற பிறகு, அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் தனியாகப் பாட எனக்கு ஒரு சரணம் கிடைத்தது. புதுப் பாட்டு. மெட்டுப் போட்டவர் எங்கள் குழுவை நடத்திய ரைட்டர்; எஸ்டேட்டில் கணக்கு எழுதுபவர். ஆர்மோனியம் வாசித்துத் தானே பாடி, சிடியில் பதிவு செய்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

"கேட்டுக் கேட்டு மனசுல ஏத்திக்குங்க. ரெண்டாவது சரணம் உங்களுதுங்க" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கேட்பதற்குத்தான் வழியில்லை. சிடி பிளேயர் என் மகளுடையது. பஸ்ஸில் எனக்கு, வீட்டில் அவளுக்கு என்று ஒப்பந்தம். நான் ஏற்காட்டிலிருந்து தினமும் மலையிறங்கி, சேலத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போய்வந்தேன். காலை பஸ்ஸில் கடைசி வரை நின்றுகொண்டே போக வேண்டும். பிளேயரைப் பைக்குள் போட்டால் நேர் ரோட்டிலேயே பாட்டு விட்டுவிட்டுக் குதிக்கும். மாலையில் மலையேறும் முன் கோரிமேட்டில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்து பாட்டைப் போட்டால் பல்லவி, அனுபல்லவி, முதல் சரணம் எல்லாம் அருமையாக ஓடும். என் சரணம் வரும் நேரத்துக்குச் சரியாக முதல் கொண்டை ஊசி வளைவும் வந்துவிடும். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கும். கடைசி இரண்டு வரியை விழுங்கிவிட்டு பிளேயர் மூன்றாம் சரணத்துக்குத் தாவும். திரும்ப முதலிலிருந்து போட்டால் இன்னும் பத்தொன்பது வளைவு பாக்கி.

இதற்கென்றே அதில் ஆன்டி ஷாக் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் தட்டு வேகமாகச் சுற்றி, வரப்போகும் நாற்பது வினாடிப் பாட்டை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளும். குலுங்கினாலும் பாட்டு அறுபடாது. ஆனால் ஒரு வாரம் வரும் பேட்டரி செல் இரண்டே நாளில் செத்துவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

"அம்மா, அந்த பட்டனத் தொட்டீன்னா பிளேயரே கெடையாது, பாத்துக்க" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

செத்த செல்லை வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்பது எங்கள் வீட்டு வைத்தியம். டிசம்பர் ஏற்காட்டில் வெயிலுக்கு எங்கே போவது? சேலத்துக்குக் கொண்டுபோய் கிளினிக் மொட்டைமாடியில் காய வைத்தேன். மதிய இடைவேளையில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கலாம்தான்; ஆனால் அப்போது செல் இரண்டும் வெயிலில் கிடக்கும். என் புத்தியை என்னவென்று சொல்ல!

இருந்த ஒரே ஒத்திகைக்கு முந்தின நாள், வருவது வரட்டும் என்று புது செல் வாங்கினேன். அங்கேயும் என் சிக்கன புத்தி போகவில்லை. ஒன்று புதுசு, ஒன்று வெயிலில் காய்ந்தது என்று போட்டு, மகளுக்குத் தெரியாமல் பொத்தானையும் அமுக்கினேன். பழையது புதியதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. முதல் வளைவுக்கு முன்பே பிளேயர் அணைந்துபோனது. அதைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பள்ளத்தில் எறிந்திருப்பேன். மகள் முகம் ஞாபகம் வந்ததால் எறியவில்லை.

குழுவில் யாரையாவது பாடிக் காட்டச் சொல்லியிருக்கலாம். வார்த்தை தாளில் இருந்தது; சரணத்துக்குச் சரணம் மெட்டு வேறு என்பதால் அந்த இரண்டு வரியின் மெட்டுதான் தெரியாது. ஆனால் பதினோரு வருடம் கழித்துக் கிடைத்ததை, "எனக்குத் தெரியவில்லை" என்று நானே எப்படிச் சொல்வேன்? வீம்பு.

ஒத்திகையில் இரண்டு வரி நன்றாகத்தான் பாடினேன். பிறகு வாய் தானாக மூன்றாம் சரணத்துக்குத் தாவியது. ஆர்மோனியம் நின்றது.

"ஏனுங்க, நடுவுல ரெண்டு வரி எங்கீங்க?"

"பஸ்ஸுல குதிச்சிருதுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு முறை பாடச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் தாவினேன்.

"நாளு இல்லீங்க. இந்தத் தடவ அந்த அக்காளே பாடட்டுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாளைக் காட்டினார். அந்த அம்மாள் எஸ்டேட்டிலேயே குடியிருப்பவள். அவளுக்கு பஸ்ஸும் இல்லை, வளைவும் இல்லை.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் பழையபடி பின்வரிசையில் நின்றேன். அவள் என் சரணத்தைப் பாடினாள். அந்தக் கடைசி இரண்டு வரியின் மெட்டை அப்போதுதான் முதல் முறையாக முழுதாகக் கேட்டேன். அது எனக்குச் சுலபமாகவே வந்திருக்கும்.